சாணிக் கேஸும் காமாட்சி விளக்கும்

மீத்தேன் என்ற பெயரை அந்த ஊரில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஏதோ காய்ச்சல் மருந்து என்று கை நீட்டியிருப்பார்கள். சாணிக் கேஸ் என்றுதான் சொன்னேன். அதற்கே சிரிப்பு. "வரட்டி தட்டி எரிக்கிறவளுககிட்ட வந்து சாணி எரியும்னு பாடம் நடத்துறா பாரு" என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிக்கல் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கரிசல் கிராமத்தில், வீடுவீடாகப் போய்ப் புது முறைகளைச் சொல்லித்தரும் கிராம சேவிகாவாக இருந்தேன். அது அரசாங்கம் கொடுத்த பெயர். ஊர் எனக்கு வைத்த பெயர் 'வெள்ளைச் சீலை'. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தாலியறுத்தவள் வேறு எந்தச் சேலையைக் கட்டுவாள்? காலையில் வேலைக்குப் போகிற ஆண்கள் தெருமுனையில் என்னைக் கண்டால், செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நின்று, நான் கடந்த பிறகே காலெடுத்து வைப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபத்தில் வேகமாக நடக்கலாம், அதுவரை லாபம் என்று போய்க்கொண்டே இருப்பேன்.

"உள்ள வாங்கக்கா" என்று என்னைக் கூப்பிட்டவள் ஒரே ஒருத்தி. மாடுகள் நிறைந்த பெரிய வீட்டின் மருமகள், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஜன்னல் இல்லாத அடுப்படியில் கருவேல விறகோடும் வரட்டியோடும் மாரடித்து அவள் கண்கள் எந்நேரமும் சிவந்து நீர் வடியும். சாயங்காலம் நான் போனால் எனக்கென்று மூடிவைத்த கருவாட்டுக் குழம்பை எடுத்துவைப்பாள். பேசுவோம். பெரிதாக ஒன்றுமில்லை, மிளகாய்ச் செடி, மாமியார் குணம், சினிமா. அந்த ஊரில் என் குரல் எனக்கே கேட்டது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அவள் கண்ணுக்காகத்தான் அந்த வீட்டில் சாணிக் கேஸ் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவள் மாமனாரிடம் கண்ணைப் பற்றிப் பேசினால் நடக்காது. எனவே உரத்தைப் பற்றிப் பேசினேன். கேஸ் போன பிறகு மிஞ்சும் கரைசல் மிளகாய்க்குப் பச்சைச் சாணியைவிட நல்லது என்றதும் தலையாட்டினார். புழக்கடையில் கிணறுபோலக் குழி வெட்டி, சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தோம். சில வாரங்களில் டிரம் தானாக மேலே எழும்பியது. ஊரே வந்து பார்த்தது.

அவளுக்கு மட்டும் விளக்கமாகச் சொன்னேன். காற்றுப் புகாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சாணியைத் தின்று இந்த வாயுவை விடுகின்றன. கண்மாய்ச் சேற்றை மிதித்தால் குமிழி குமிழியாக வருவதும், அசைபோடும் மாடு ஏப்பத்தில் விடுவதும் இதுவேதான். நிறம் கிடையாது, காற்றைவிட லேசு. சுத்தமாக இருந்தால் வாசனைகூடக் கிடையாது. இதில் அடிக்கிற அழுகின முட்டை நாற்றம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் கந்தக வாயுவுடையது. எரிந்துவிட்டால் அந்த நாற்றமும் இருக்காது, புகையும் இருக்காது. "புகை இருக்காதுல்ல? அது போதும்க்கா" என்றாள்.

நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடு செய்தார்கள். சாமி மாடத்துக் காமாட்சி விளக்கிலிருந்து திரி பற்றவைத்து மாமியார் புது அடுப்பை ஏற்ற வேண்டும் என்று பேச்சு. அடுப்பு அணைந்தால் முதலில் டிரம்மிலிருந்து வரும் குழாயின் திருகை மூட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பிறகு யாரும் சொல்வதற்கு முன் நானே விலகிப் புழக்கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். "அக்கா, இங்கன வாங்க" என்று அவள் கூப்பிட்டாள். டிரம்மைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொன்னேன்.

பால் பொங்கி வழியாவிட்டால் அது பால் காய்ச்சுவதே அல்ல. எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கப் பெண்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கிழக்கே வழிந்தது. குலவைச் சத்தம் ஓட்டைத் தூக்கியது. பால் சட்டியை இறக்கி, எல்லோரும் சிரித்தபடி முன்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள்.

அப்போதுதான் எனக்கு முட்டை நாற்றம் அடித்தது. எரிகிற அடுப்பில் அந்த நாற்றம் வரக்கூடாது. உள்ளே ஓடினேன். வழிந்த பாலில் அடுப்பு நனைந்து அணைந்து கிடந்தது, திருகு திறந்தபடியே இருந்தது. ஜன்னல் இல்லாத அடுப்படி. முதல் நாளே அடுப்பு அணைந்தது தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, மாமியார் யாருக்கும் தெரியாமல் மாடத்து விளக்கையே கையில் ஏந்தி அடுப்பருகே வந்துவிட்டார். திருகுக்கும் எனக்கும் நடுவில் அவர். நான் விளக்கை ஊதிவிட்டேன்.

எங்கள் பக்கம் விளக்கை 'அணை' என்றுகூடச் சொல்வதில்லை, 'குளிர வை' என்போம். பூவால் ஒற்றித்தான் குளிர வைப்போம். வாயால் ஊதுவது மகா பாவம். அதை ஒரு விதவை, நல்ல நேரத்தில், அடுத்தவர் வீட்டுச் சாமி விளக்கில் செய்தால்?

"எங்க வீட்டு விளக்கை ஊதி அவிச்சுட்டாளே! இனி இந்தக் குடி விளங்குமா?" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். நான் திருகை மூடினேன், கதவுகளைத் திறந்துவிட்டேன், நடந்ததைச் சொன்னேன். எதைக் காட்டிச் சொல்வது? கேஸ் கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் நாற்றமும் போய்விட்டது. தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் என் பேச்சுக்குச் சாட்சியும் இல்லை.

அதன் பிறகு அந்த அடுப்பை அவர்கள் ஏற்றவில்லை, என்னையும் வீட்டுக்குள் விடவில்லை. குழியில் கிடந்த சாணி மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. டிரம் முழுக்க எழும்பி, விளிம்போரம் குமிழியிட்டுக் கேஸ் வெளியேறிக்கொண்டே இருந்தது. எரிக்காமல் விட்ட மீத்தேன், எரிந்து வரும் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். வயலும் மாடும் குப்பைமேடும் விடுவதெல்லாம் மேலே போய்ச் சேர்கிறதாம். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அவள் அடுப்படியில் மறுபடி புகை எழுவதைத் தெருவிலிருந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு அவள் என் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, நெசமாவே தீப் பிடிச்சிருக்கும்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சேவிகாம்மா நம்ம உசிரைக் காப்பாத்துனாங்கன்னு அத்தைகிட்ட நான் அடிச்சுச் சொல்றேன். நீங்க பழையபடி வரலாம்."

அந்த வாயு காற்றோடு ஒரு அளவில் கலந்தால்தான் குப்பென்று பிடிக்கும். அளவு குறைந்தாலும் பிடிக்காது, கூடினாலும் பிடிக்காது. அன்றைக்கு அந்த அடுப்படியில் எவ்வளவு கலந்திருந்தது என்று எனக்குத் தெரியாது.

"பிடிச்சிருக்கலாம். பிடிக்காமலும் போயிருக்கலாம்" என்றேன்.

சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் போய் என்னத்தச் சொல்ல?" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஊரில் நான் இருந்த மிச்ச நாளெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை.

இன்று வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கேட்கத்தான் யாரும் வரவில்லை.