யோகனின் வலது கை

யோகனின் வலது கையை உடைத்தவன் நான். உடைத்தது ஊருக்குத் தெரியும். அவன்மேல் பிழையே இல்லை என்பதுதான் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்... சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்!

யோகன் என் தங்கை சாந்தியின் கணவன். குருவிட்டப் பக்கம் றப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்து, என் கராஜில் வேலை செய்தான்.

அன்று, நான் திருத்தி அனுப்பியிருந்த ஒரு முதலாளியின் கார் திரும்பி வந்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை, என்ஜின் லைட்டும் அணையவில்லை. நொக் சென்ஸர் சுற்றில் கோளாறு என்று ஸ்கேனர் முன்பே காட்டியிருந்தது. என்ஜின் தட்டுகிறதா என்று கவனித்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிறிய உறுப்பு அது. சுற்று என்றால் சென்ஸர் மட்டுமா? வயரும் சேர்ந்ததுதானே! வயரைச் சோதிக்கும் மீற்றரை நான் கையில் எடுக்கவே இல்லை. எல்லாம் தெரியும் என்ற திமிரில் புதுச் சென்ஸரைப் பூட்டி அனுப்பியிருந்தேன்.

தெரியாத வேலையை ஏன் தொட்டாய் என்று முதலாளி தெருவே கேட்கச் சிங்களத்தில் ஏசினார். எனக்குக் கண் இருண்டது. அந்த நேரம் பார்த்து யோகன் என்ஜினுக்குள் கையை விட்டான்.

"மச்சான், சென்ஸர் நல்லாத்தான் இருக்குங்க. வயர ஒருக்கா பாப்போம்."

முதலாளிக்கு முன்னால் எனக்கே புத்தி சொல்கிறானா? வீல் ஸ்பேனரால் அந்தக் கையில் அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது... கேட்டும் மறுபடி அடித்தேன்! விழுந்தவனின் விலாவில் உதைத்தேன். வாயில் இரத்தம் வந்தபோதுதான் முதலாளி என்னைப் பிடித்து இழுத்தார். இவன்தான் வயரைக் கெடுத்தவன் என்று கத்தினேன். அப்போது நான் வயரைப் பார்த்திருக்கக்கூட இல்லை.

மறுநாள் மீற்றரை வைத்தேன். வயர் ஒரு இரும்புப் பட்டிக்கடியில் நசுங்கி, உறை கிழிந்து என்ஜின் உடம்போடு உரசிக்கொண்டிருந்தது. போன மாதம் இருவரும் சேர்ந்துதான் அந்த என்ஜினைக் கழற்றிப் பூட்டினோம். ஆனால் அந்தப் பட்டியை முறுக்கியவன் நான் மட்டும். யோகன் ஒயில் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

வெட்டி ஒட்டி டேப் சுற்றினேன். லைட் அணைந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டுப் போட்ட கையோடு யோகனைச் சாந்தி அழைத்து வந்தாள்.

"அண்ணே, நெசமாவே இவரு செஞ்ச பிழைதானா?"

ஆமாம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்! வாய் எப்படி வந்தது எனக்கு?

"மன்னிச்சுக்கோங்க மச்சான்," என்றான் யோகன். "எப்ப செஞ்சேன்னே ஞாபகம் இல்லீங்க."

அவன் என்னை நம்பினான். தன்னை நம்பவில்லை. பரவாயில்லை என்று நானும் மன்னித்தேன்... மன்னித்தேனாம்!

அந்த விரல்கள் இப்போது மடங்குவதில்லை. ஸ்பேனரும் பிடிக்க முடியாது, தோட்டத்தில் றப்பர் பால்வெட்டுக் கத்தியும் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. உன் கவனக்குறைவால்தான் கை போச்சு என்று சாந்தி அவனை ஏசுவாள். அவன் தலையைக் குனிந்து இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவான். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பேன்.