புருஷன் பேரில் போன வேலை

பூமாரி இனித் தலையில் சுமை ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். சித்தாள் சுமக்காமல் வேறு எதைச் செய்து கஞ்சி குடிப்பாள்? அதை அவர் சொல்லவில்லை.

கொத்தனார் வேலை செய்யலாம். அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால் அரைகுறையாக இல்லை, அவள் டைல்ஸ் ஒட்டினால் சுவர் கண்ணாடி மாதிரி நிற்கும். ஆனால் இந்தத் திருவனந்தபுரத்தில் அந்த விஷயம் அறிந்தவர் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் புருஷன் வன்னியராஜ். அவரும் போன ஆடியில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறு வருஷத்துக்கு முன் சாரம் சரிந்ததில் வன்னியராஜின் வலது மணிக்கட்டு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கொத்துக்கரண்டி பிடிக்க முடியாது. கை விளங்காத கொத்தனாரை எவன் கூப்பிடுவான்? பொம்பளைக்குக் கொத்தனார் கூலி எவன் கொடுப்பான்? இரண்டையும் யோசித்துப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழி கண்டார்கள். பாத்ரூம், அடுக்களை என்று கதவு உள்ள வேலையாகப் பார்த்து எடுத்தார்கள். உள்ளே பூமாரி ஒட்டுவாள், அவர் இடது கையால் கலவை குழைத்துத் தருவார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் கரண்டி கை மாறும். அவர் சுவரைப் பார்த்து நிற்பார், இவள் சட்டியைத் தூக்குவாள். யார் ஒட்டியது என்று கேட்டால், "அவுகதான்" என்பாள். சொல்லிச் சொல்லி நாக்குக்கு அதுவே பழகிப்போனது.

பள்ளிக்கூடம் போகாமல் தொழில் படித்தவர்களுக்குப் பரீட்சை வைத்து சர்டிபிகேட் கொடுக்கும் சென்டர் ஒன்று கிள்ளிப்பாலம் பக்கம் இருந்தது. கொத்தனார் சர்டிபிகேட் இருந்தால் பெண்கள் குழுவில் டைல்ஸ் வேலை கிடைக்கும், சுமை கிடையாது. ஆறு சென்டர்கள் சேர்ந்து ஒரே கேள்வித்தாள், ஒரே மார்க் அட்டை, ஒரே கருவிப்பெட்டி என்று பொதுவில் வைத்திருந்தார்கள். பெட்டி ஊர் ஊராகச் சுற்றும். வெள்ளிக்கிழமை இங்கிருந்து போனால் அடுத்த வருஷம்தான்.

"சேச்சி, பழைய வேலைக்கு ஒரு சாட்சி வேணும். ஏதாவது ஒரு வீட்டுக்காரர் எழுதித் தந்தா மதி, அது போதும்," என்றாள் சென்டரில் பரீட்சை வைக்கும் ஸ்வப்னா, மலையாளம் கலந்த தமிழில்.

"நேர்ல ஒட்டிக் காட்டுதேன், பாத்துக்கிடுங்களேன் டீச்சர்."

"காட்டலாம். பட்சே எழுத்து வந்தப்புறம். ஆறு இடத்துக்கும் ஒரே அளவு, கேட்டோ? இங்க நான் வளைச்சா எல்லா இடத்திலயும் வளையும்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை.

பூமாரி கரமனைக்குப் பஸ் ஏறினாள். அங்கே கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற கோமதிநாயகத்தின் வீட்டில் இரண்டு பாத்ரூம் ஒட்டியிருந்தாள்.

"யாரு, வன்னியராஜ் பெண்டாட்டியா? வா, வா!" கிழவர் அவளை நேரே பாத்ரூமுக்கே கூட்டிப் போனார். "ஒம்பது வருஷமாச்சு. ஒண்ணாவது எளகியிருக்கா? காசு வச்சுத் தட்டிப் பாரு, எங்கயாவது வெத்துச் சத்தம் கேக்கா? என் மருமகன் இஞ்சினீயரு. அவனே மலைச்சுப் போனான், கேட்டியா!"

"பேசவே மாட்டான், பாவம், போய்ச் சேந்துட்டான்," என்றாள் அவர் மனைவி பிச்சம்மாள். "எப்பப் போனாலும் சொவரையே பாத்துட்டு நிப்பான். ஜோலியில அவ்வளவு கருத்து."

பூமாரி சுவரைப் பார்த்தாள். இந்த வேலை முடிந்த அன்றும் கோமதிநாயகம் இப்படித்தான் புகழ்ந்தார். பஸ் ஸ்டாப் வந்ததும் வன்னியராஜ் அவள் பக்கம் திரும்பினார். "நான் செத்த பெறவும் யாருட்டயும் சொல்லிராத, என்னா?" என்றார். "வாயக் கழுவுங்க," என்று அவள் திட்டினாள்.

"எழுத்து வேணும்னியே, என்னன்னு எழுத?" பெரியவர் பேனாவை எடுத்துவிட்டார்.

ஒட்டியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த மனுஷனை உலகத்தில் நாலு பேர் மெச்சினார்கள் என்றால் அது இந்த மாதிரிச் சுவர்களுக்காகத்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு மிச்சம் என்ன?

"அவுக கூட நின்னு சித்தாள் வேல பாத்தேன்னு எழுதுங்கய்யா."

பக்கம் நிறைய வன்னியராஜின் கைத்திறன்தான். கடைசி வரியில் பூமாரி.

ஸ்வப்னா இரண்டு தடவை படித்தாள். "இத வச்சு சித்தாள் பரீட்சைதான் தர முடியும் சேச்சி. வேற ஒண்ணும் இல்லே?"

"இல்ல."

இதற்கு மேல் எனக்கு வேறு வேலை தெரியாது என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. ஸ்வப்னா வாசித்துக் காட்டினாள். பூமாரி அதன்கீழ் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டிச் சல்லடையில் மணல் சலித்தாள், கலவை குழைத்தாள், சட்டியைத் தலையில் ஏற்றிச் சிந்தாமல் நடந்து காட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஆறு சென்டரிலும் இதுவரை இதுதான் அதிக மார்க் என்று சொல்லிக் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமையே அந்த சர்டிபிகேட்டைப் பார்த்து ஒரு கட்டடத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், நாலாம் மாடிக்கு மணல் சுமக்க.