கக்கூஸ் குழியில் கிடைத்த பாட்டன்

எங்கள் வீட்டில் நான் பார்த்த முதல் சாவு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அதற்குத் தீட்டு உண்டா இல்லையா என்று அப்பாவும் அத்தையும் போட்ட சண்டையில்தான் உறவுமுறை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. அப்போது எனக்கு எட்டு வயது. அக்காவுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருமானூர்ப் பக்கம், லோடு வேன் ஓட்டுகிறவர். எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றப் போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்து, "வூட்ல கக்கூஸ் இல்லீங்களா?" என்று கேட்டார். கல்யாணத்துக்குள் கட்டிவிடுகிறோம் என்று அப்பா அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆடி மாதத்தில் வீட்டுக்குக் கடைக்கால் போடமாட்டார்கள். கக்கூஸுக்கு யார் நாள் பார்க்கிறார்கள்? சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு கொல்லையில் இறங்கினார். இடுப்பளவு தோண்டியபோது கடப்பாரை எதிலோ பட்டது. மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தால் பானையின் விளிம்பு. பானை என்றால் சோறு வடிக்கிற பானை இல்லை, நான் உள்ளே உட்கார்ந்தால் தலை தெரியாது, அவ்வளவு பெரிசு. சித்தப்பா சத்தம் போடாமல் நிமிர்ந்து, "அண்ணி, படலைச் சாத்துங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. புதையல்!

அம்மா படலைச் சாத்திவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா பானைக்குள் கையை விட்டார். கறுப்பும் சிவப்புமாக ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதாக நீளமாக ஏதோ வந்தது. அதை லுங்கியில் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அய்யய்யோ, மனுச எலும்புடா!" என்று அத்தை அலறியதில் சித்தப்பா அதைக் கீழே போட்டுவிட்டுக் குழியிலிருந்து ஒரே தாவலில் வெளியே வந்தார்.

மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்டலாம் என்பது சித்தப்பாவின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் வேலிமேல் ஏறி நின்று எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து அனுப்பி முடித்திருந்தான். மறுநாள் காலையில் விஏஓ வந்தார். அதற்கடுத்த நாள் தொல்லியல் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். தொப்பி போட்டுக்கொண்டு, குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்தார். அம்மா கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்பாதான் கேட்டார், "யாருங்க மேடம் இவரு?" என்று.

மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார். "நம்ம முன்னோர்ங்க. இந்த மண்ணுல இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்தவங்க. உங்களுக்கு, எனக்கு, எல்லாருக்கும் பாட்டன் மாதிரி."

பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். அதை அத்தை காதில் விழுகிற மாதிரி சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அடுத்த வீட்டில் இருந்தார். தெருவில் ஒரு சாவு விழுந்தால் யார் தலை முழுக வேண்டும், யார் பதினாறு நாள் காக்க வேண்டும், யார் வெறுமனே கைகால் கழுவிவிட்டுப் போகலாம் என்று அவரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. அவர் குழிக்குப் பக்கத்தில் நின்று, "கேட்டியா தம்பி? மேடமே சொல்லிப்புட்டாங்க. நம்ம பாட்டனாம். சேதி கேட்ட நாள்லேருந்து பதினாறு" என்றார்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! "செத்து ரெண்டாயிரம் வருசமாச்சுக்கா. அவன் தீட்டு இன்னுமா ஒட்டிக்கிட்டு கெடக்கு?" என்று கத்தினார். துபாயில் செத்தவனுக்குச் சேதி பிந்தி வந்தால் தலை முழுகாமல் விட்டோமா, பிந்தி வந்த சேதிதானே இது, என்று அத்தை கேட்டார். அக்கா உள்ளே போய் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. செல்போன் படம் அங்கேயும் போயிருந்தது. தீட்டு என்றால் தள்ளி வைத்துக்கொள்ளலாம், ஆனால் தள்ளிப்போனால் எதுவும் நிச்சயம் சொல்ல முடியாது என்று மாப்பிள்ளையின் மாமா இழுத்தாராம். அவர் இழுத்ததைக் கேட்டதும் அம்மா ஒரு காரியம் செய்தாள். "அண்ணி, அவரு எங்க வழியா இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அம்மா வழிச் சாவென்றால் மூன்று நாள்தான். மகள் கல்யாணத்துக்காக முன்பின் தெரியாத எலும்பைத் தன் பிறந்த வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தாள் அம்மா.

நான் குழம்பிப்போனேன். அத்தை என்னை மடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரே பாட்டனுக்குத் தலை முழுகுகிறவர்கள் எல்லாரும் பங்காளிகள். பங்காளிகளில் அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா. பெண் கொடுத்து எடுத்தவர்கள் மாமன், மச்சான். "அவ்ளோதான்டி, இதுல என்ன கொழப்பம்?" என்றார். உண்மைதான். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வாரம் முழுக்க அப்பாவோடு பத்திரிகை வைக்கப் போய், வீட்டுக்கு வீடு "வந்துடுங்க பெரியப்பா", "வந்துடுங்க மாமா" என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இந்த நேரத்தில்தான் ஊர்த்தெருவிலிருந்து ஐயா வந்தார். சித்தப்பாவும் எங்கள் தெருவில் பாதிப் பேரும் அவருடைய கரும்புக் கொல்லையில்தான் வேலை செய்தார்கள். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கார் எங்கள் தெருவுக்குள் வந்ததையே அன்றைக்குத்தான் பார்த்தேன். கூடவே நாலைந்து ஆட்கள், ஒரு பிளக்ஸ் போர்டு, லோக்கல் டிவிக்காரர் ஒருவர். அம்மா டீ போட ஓடினாள். அவர்களே தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள்.

ஐயா நேராகப் போய்க் கயிற்றைத் தாண்டிக் குழியில் இறங்கிவிட்டார். மேடம், "சார், சார், பாத்து" என்று பதறினார். ஐயா டிவிக்காரரைப் பார்த்து, "இவரு எங்க வம்சத்து அரசரு. நேரடியா எங்க பாட்டன். இந்தப் பக்கம் பூரா எங்க ஆளுங்க ஆண்ட பூமி" என்றார். எங்கள் தெருப் பையன்களுக்கு ரத்தம் ஏறிவிட்டது. "எங்க கக்கூஸ் குழியில கெடச்சவரு உங்க பாட்டனா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். ஐயாவின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா கோபப்படவில்லை. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு குழியருகில் போய், "ஐயா பாட்டன்னா ரொம்ப சந்தோசம்ங்க. அப்ப தீட்டு ஐயா வூட்டுக்குத்தானுங்களே? எங்க பொண்ணு கல்யாணம் தடையில்லாம நடந்துரும்" என்றார்.

அத்தையும் தலையை ஆட்டினார். பாட்டன் யாருக்கோ தீட்டும் அவருக்கு, நியாயம்தானே? ஆனால் அத்தையின் கண் சும்மா இருக்காது. ஐயாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. ஊர்த்தெரு மாரியம்மனுக்குத் தீமிதி, அதற்குக் காப்புக் கட்டியிருந்தார். "ஐயா, காப்புக் கட்டுன கையோட சாவு எடத்துல நிக்கிறீங்களே?" என்று கேட்டேவிட்டார்.

ஐயா தன் கையைப் பார்த்தார். எலும்பைப் பார்த்தார். அதுவரைக்கும் அது அவருக்கு எலும்பாகத் தெரியவில்லை போலிருக்கிறது. "இது சாவு இல்லம்மா, இது வரலாறு" என்று சொல்லிக்கொண்டே அவசரமாக மேலே ஏறினார்.

"பாட்டன்னு சொன்னீங்களே?"

"பொதுவா சொன்னேன். எல்லாருக்கும் பாட்டன்தான். மேடம் சொல்றாங்கல்ல? நாம எல்லாரும் ஒரே வம்சம்தானே" என்றார் டிவிக்காரரைப் பார்த்து. டிவிக்காரர் தலையாட்டினார். மேடமும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

எனக்கு அந்த நேரத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது. ஒரே பாட்டன், ஆகையால் பங்காளி. தலை நரைத்திருக்கிறது, ஆகையால் அப்பாவுக்கு மூத்தவர். நான் ஓடிப்போய் ஐயாவின் முன்னால் நின்று, வாரம் முழுக்கப் பழகின குரலில், "அக்கா கல்யாணத்துக்கு வந்துடுங்க பெரியப்பா" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ஐயா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "யாரு புள்ளடா இது?" என்றார். "எம் புள்ளதாங்க ஐயா. சின்னதுங்க. தெரியாம..." என்ற அப்பாவின் கை என் வாயைப் பொத்தியிருந்தது. மூச்சு முட்டியது. கார் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே தெருவை விட்டுப் போனது.

சாயந்தரம் டிவியில் வந்தது. ஐயா குழியில் நின்றார், ஒரே வம்சம் என்று பேசினார், மேடம் பேசினார். நான் வரவில்லை. தெருவே கூடி உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்கு அழுகை முட்டியது. அவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தேனே!

மறுநாள் சித்தப்பாவைக் கரும்பு வெட்ட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வேன் எந்த வழியாக வருகிறதென்று பார்த்துவிடலாம் என்று ஐயாவின் மகன்கள் டீக்கடையில் பேசினார்களாம். திருமானூர்ப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்கு வர ஊர்த்தெருவைத் தவிர வேறு பாதை கிடையாது. அப்பா விஷயத்தைச் சொன்னதும், அத்தை பதினாறு நாள் என்றோ மூன்று நாள் என்றோ வாயே திறக்கவில்லை. "தீட்டாவது மண்ணாவது. மொதல்ல புள்ளய இட்டுக்கிட்டுப் போயி கால்ல வுழு" என்றார். அவ்வளவு பெரிய சண்டை எப்படி ஒரு நொடியில் முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா கல்யாணம் குறித்த நாளில் நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் வேறு மூலையில் கட்டியாயிற்று. பாட்டனை அட்டைப் பெட்டிகளில் பஞ்சு வைத்து மேடம் ஜீப்பில் கொண்டுபோனார். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

அம்மா எனக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டாள். அப்பா டிவிஎஸ் வண்டியில் என்னை முன்னால் நிறுத்திக்கொண்டார். ஊர்த்தெரு முனை வந்ததும் வழக்கம்போல வண்டியை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். அந்தத் தெருவில் அவர் எப்போதும் அப்படித்தான். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஐயா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோபமாகவே இல்லை. "என்னடா, உம் பொண்ணு பெரியப்பாங்குது?" என்று சிரித்தார். அப்பா கேட்டுக்கு வெளியே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். சட்டையெல்லாம் மண். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "சொல்லு" என்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அக்கா கல்யாணத்துக்கு வந்துடுங்க..." என்று தொடங்கி, முறை வைக்க வேண்டிய இடத்தில் திணறி நின்றேன். அப்பாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. வலித்தது. "...ஐயா" என்றேன்.

"நல்ல புள்ள" என்றார் ஐயா. வேன் வரட்டும், ஊர்த்தெருவைத் தாண்டுகிற வரைக்கும் பாட்டை மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல் என்றார். அப்பா கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

தெரு முடிந்ததும் அப்பா வண்டியைக் கிளப்பினார். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "ஏம்ப்பா, அந்தப் பாட்டன் நமக்கு யாரு?" என்று கேட்டேன். காற்றில் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடியும் உரக்கக் கேட்டேன். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடம் வந்தது, அவர் திரும்பவில்லை. வண்டி நேராக மீன்சுருட்டி ரோட்டில் போனது. பஸ் ஸ்டாப் போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று. அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை. என்னை டவுனுக்குக் கூட்டிப் போகிறார் என்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏதாவது பேசினால் திருப்பிவிடுவாரோ என்று பயந்து, அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவே இல்லை.