சேவூர் ஏட்டில் ஒரு வரி

காலை எட்டே காலுக்கு வேலூரில் ஆரணிப் பேருந்து கிடைத்தது. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சீட்டு முப்பத்திரண்டு ரூபாய். கண்ணமங்கலம் வருவதற்குள் கைப்பேசியிலிருந்த அந்தப் படத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேனோ தெரியாது. பக்கத்திலிருந்த பெண், "ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுங்களா மேடம்?" என்றார்.

"இல்லைங்க, கணக்கு" என்றேன். அவர் நம்பவில்லை.

கணக்கின் வரலாற்றை எழுதுவது முப்பது ஆண்டுகளாக என் தொழில். நில அளவைக்கான பழைய வாய்பாட்டுச் சுவடி ஒன்றைப் பதிப்பித்ததால்தான் பேராசிரியர் பதவியே வந்தது. அதில் பத்தரையைப் பத்தரையால் பெருக்கினால் நூற்றுப் பத்து என்றிருக்கும். சரியான விடை நூற்றுப் பத்தேகால். "எழுதியவர் கணக்கறியாதவர்" என்று அடிக்குறிப்புப் போட்டேன். என் ஆய்வு மாணவர் முருகவேல் மட்டும், அது பிழையல்ல, சில்லறையைத் தள்ளிவிடும் முறை என்று ஓர் அத்தியாயமே எழுதினார். ஆதாரமில்லை என்று அடித்துவிட்டேன். அவர் ஆய்வை விட்டு ஊருக்குப் போனார். பதினெட்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. முந்தாநாள் ஓர் ஓலையின் படம் அனுப்பியிருந்தார். கூடவே முகவரி, வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஒன்பதரை. ஆரணியிலிருந்து சேவூருக்கு ஆட்டோ, நூறு ரூபாய். கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன். "பட்டு எடுக்கத்தான மேடம்? கட எங்கியும் ஓடிப் போவாது" என்றார் ஓட்டுநர்.

முருகவேல் இப்போது கணினியில் சேலைகளுக்கு டிசைன் போடுகிறார். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்க" என்று மட்டும் சொல்லி ஓலையை மேசையில் வைத்தார். தெள்ளாரில் அவர் மனைவி தேவகியின் மாமா வீட்டுப் பெட்டியில் கிடைத்ததாம். அதே வாய்பாடு, அதே நூற்றுப் பத்து. ஆனால் தலைப்பில், படத்தில் மங்கலாக இருந்து படிக்க முடியாத ஒரு வரி கூடுதல்: "அரைக்குக் குறைந்தது தள்ளுக."

நான்கு முறை படித்தேன். உட்கார முடியவில்லை.

"தப்பு என்னுடையதுதான், முருகவேல்."

"அது எனக்கு அப்பவே தெரியும் மேடம். ஆதாரம் இல்லன்னீங்க, சரி. தேடிப் பாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

காபி கொண்டுவந்த தேவகி, "கல்யாணத்துக்கு அப்புறமும் ரெண்டு வருசம் ஊர் ஊரா போயி தேடிகினு இருந்தாருங்க. அப்புறம் உட்டுட்டாரு" என்றார்.

நான் அவசரப்பட்டேன். "சேர்ந்து எழுதலாம். முன்னுரை நான்..."

"வேணாங்க. நானே எழுதிக்கிறேன். உங்க பேரு அதுல வேணாம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. "கணக்கு தெரியாதவருன்னு போட்டிருக்கீங்களே, அத மட்டும் எடுத்துடுங்க."

பதினொன்றரைக்கு வண்டியில் என்னை ஆரணிப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "அந்தச் சுவடி போட்டோ முழுசா அனுப்புவீங்களா?" என்றார். அந்தப் படங்களை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பேருந்து நகர்வதற்குள் அறுபத்திரண்டு ஏடுகளையும் அனுப்பினேன். பிறகு, அடிக்குறிப்பு தவறு, நீக்கிவிட்டுக் காரணத்தையும் அச்சிடுங்கள் என்று பதிப்பகத்துக்கு எழுதினேன்.

கணியம்பாடி தாண்டியதும் அவரிடமிருந்து செய்தி: "நாப்பத்தோராவது ஏடு, கடைசி வரி. சிதைவுன்னு விட்டிருக்கீங்க. எழுத்து தெரியுதே?"

எனக்குத் தெரியவில்லை. "நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?" என்று எழுதினேன். ஆசிரியராக இருந்த காலத்தில் அவரிடம் இதை நான் கேட்டதே இல்லை. வேலூர் வந்துவிட்டது. அவர் பதில் எழுதிக்கொண்டிருப்பதைத் திரையில் பார்த்தபடியே படியிறங்கினேன்.