விழத் தெரியாத பெட்டி

லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து படியேறி வந்தபோது முட்டி இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற மனுஷன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். கைகால் கழுவிவிட்டு, மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

பக்கவாதம் வந்து மனைவிக்கு வலது கை விழுந்துவிட்டது. விரலை அசைத்துக்கொண்டே இருந்தால் திரும்பும், விட்டால் போனதுதான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை, நான் என்ன கைக்குழந்தையா என்று அவள் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள். செல்போனில் விளையாட்டு என்றால் ஒரு காலத்தில் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு; இப்போது அந்த வேகத்துக்கு விரல் ஓடவில்லை. சரி, அவள் விரலுக்கு ஏற்ற மாதிரி நாமே ஒன்று செய்வோம் என்று வம்பை விலைக்கு வாங்கினார்.

மகள் போனில் சொன்னது பாதி, வீடியோ பார்த்தது பாதி என்று புரோகிராம் எழுதினார். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் திரையெல்லாம் சிவப்பு. ஒரு ஸ்க்ரூ கழன்றதுக்குக் கட்டடத்தையே பூட்டுகிறான்களே என்று மகளிடம் புலம்பினார். அவள் சிரித்தாளே தவிர, விடுங்கப்பா என்று சொல்லவில்லை.

ஒருவழியாக ஓடியது. பொத்தானை அமுக்கினால் திரையில் லிஃப்ட் மாதிரி ஒரு பெட்டி மேலே போகும், விட்டால் இறங்கும். எதிரே வருகிற சுவர்களில் உள்ள சந்து வழியாக அதை நுழைத்துக்கொண்டு போக வேண்டும். மனைவியின் விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தார்.

அவள் கொஞ்ச நேரம் அமுக்கினாள். பிறகு கையை மடிக்கு எடுத்துக்கொண்டு சும்மா பார்த்தாள். பெட்டி மெதுவாக இறங்கித் தரையில் பூப்போல உட்கார்ந்தது. சுவர் அதன்மேல் பட்டதும், ஆள் நிற்கும்போது லிஃப்ட் கதவு விலகுமே, அதுபோல ஒதுங்கி வழிவிட்டது.

"ஏங்க, இது விழவே விழாதா?"

"விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" என்றார், கம்பெனியில் பேசுகிற குரலில்.

"உள்ள ஆளா நிக்குது? அமுக்கினாலும் ஒண்ணு, அமுக்காட்டியும் ஒண்ணு. அப்புறம் நான் எதுக்கு?"

வாழ்நாளெல்லாம் பெட்டி விழாமல் பார்த்துக்கொண்ட கை, யாரையும் கேட்காமல் இங்கேயும் பிரேக்கை மாட்டிவைத்திருக்கிறது. அந்த வரிகளைத் தேடி அழித்தார். அழிக்கும்போது விரல் கூசியது.

இந்தத் தடவை பெட்டி 'தொப்'பென்று விழுந்து உடைந்தது. அவள் முகம் சுருங்கியது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார்.

"மறுபடி போடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். தொப். கை தானாக நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியது. தொப். மறுபடியும் பற்றியது. இதைக் கேட்டுக்கொண்டு தூங்கின மாதிரிதான் என்று நினைத்தார்.

அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வர நேரமாகிக்கொண்டே இருந்தது; பொத்தான் அமுங்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.