முதலாளியின் கற்பலகை

பினாங்குத் தெரு அச்சகம் ஒன்றில் நான் மெய்ப்புத் திருத்துநனாகப் பணியாற்றிய காலத்தில், அதன் வாயிலை ஒட்டி ஒரு பெரிய கற்பலகை தொங்கும். முதலாளி வைகறைத் தொழுகை முடித்து வந்ததும், அன்றைய வேலைகளையெல்லாம் அதில் நேரம் குறித்து எழுதுவார். எது எவர் பொறுப்பு என்பதும் இருக்கும். முடிந்ததைத் தம் கையாலேயே அழிப்பார். அவர் வாளா அமர்ந்திருக்க நாங்கள் கண்டதில்லை. "தும்மலுக்கும் நேரம் போட்டிருக்காரா பாரு," என்று அச்செழுத்துக் கோப்போர் நகைப்பர். ஆயினும் அப்பலகை வந்தபின் எங்கள் வேலை ஒன்றும் பிந்தியதில்லை.

அப்போது என் மனைவி தலைப்பேற்றுக்குக் காத்திருந்தாள். ஒரு நண்பகல், அண்டைவீட்டு அம்மையார் மூச்சிரைக்க வந்தார்.

"தம்பி, வயித்துல புள்ள குறுக்கால கெடக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஓடியாங்க!"

மாலைக் கப்பலில் ஏறவேண்டிய திருமண அழைப்பிதழின் மெய்ப்பு என் கையில் இருந்தது. இவ்வூரில் எனக்கு உறவென்று எவருமில்லை. மெய்ப்பைப் பிடித்தபடியே எழுந்து நின்றேன்.

முதலாளி மெய்ப்பை வாங்கி, மூத்த எழுத்துக்கோப்பாளரிடம் நீட்டினார். "அண்ணே, மிச்சமெல்லாம் பலகையில இருக்கு. பாத்து முடிச்சிருங்க."

"நீங்க எங்க மொதலாளி? கப்பலு நமக்காகவா நிக்கும்?"

"நான் நின்னாத்தான் நடக்கும்னா பலகை எதுக்குலா?"

என்னை ரிக்‌ஷாவில் ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவருக்கு ஏவ ஆளில்லை, குறிக்க வேலையில்லை. அவர் விரல்கள் சட்டைப்பையிலிருந்த சுண்ணக்கட்டியை அடிக்கடி தேடிச் சென்று வெறுமனே மீண்டன.

"நேரமாவுது மொதலாளி, நீங்க போங்க."

"எப்ப முடியும்னு தெரியாத வேல தம்பி இது. இருப்போம்."

புல்தரையில் துண்டை விரித்துப் பிற்பகல் தொழுகையை முடித்தார். மீண்டும் என்னருகே வந்தமர்ந்தார்.

இன்று என் மேசையிலும் நாட்குறிப்பும் மணியடிக்கும் கடிகாரமும் உள்ளன. அவற்றை நான் இகழேன். அன்று அவரை அச்சகத்திலிருந்து விடுவித்தது அந்தக் கற்பலகையே. விடுபட்டவர் எவர் பக்கத்தில் போய் அமர்வது என்பதை மட்டும் அஃது அறியாது. அதனை அவர் அறிந்திருந்தார்.

விளக்கேற்றும் வேளையில் செவிலி வெளியே வந்தார். "பொம்பளப் புள்ள. தாயும் நல்லா இருக்காங்க."

முதலாளி எழ முயன்று, இயலாமல் என் தோளைப் பற்றினார். "காலு மரத்துப் போச்சு தம்பி," என்று சிரித்தார்.

ஒருநாளும் ஓரிடத்தில் நில்லாத கால்கள் அவை.