தோல் உரித்த கோழி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நல்ல வெயில் எறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒரு கோழி வீணாக்கியது. இன்றைக்கும் அந்தக் கோழியை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்போது நாங்கள் சுவிட்சர்லாந்தில் வில் என்ற நகரத்தில் இருந்தோம். சித்தப்பா எங்கள் வீட்டு ஹோலில் படுத்தெழும்பி ஓர் இரும்புத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். தற்காலிக வேலை. அங்கே ஒரேயொரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. அதற்குச் சித்தப்பாவும் இன்னொருவரும் காத்திருந்தார்கள். அது கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த சித்தியையும், அவர்களின் ஒரே மகளான, என்னைவிட ஒரு வயது குறைந்த தங்கச்சியையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம். இந்தக் கதையை வீட்டில் நூறு தரம் கேட்டுவிட்டதால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டிருந்தேன்.

இருவரில் யாரை எடுப்பது என்று முடிவு செய்யப்போகிறவர் அங்கேயிருந்த மேற்பார்வையாளர். அவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தான் அமெரிக்காவுக்குப் போனபோது பியர் டின்னின் மேல் குந்தவைத்து விறகுப் புகையில் வேகவைத்த முழுக்கோழி சாப்பிட்டதாகவும், அந்த ருசியைப் பிறகு எங்கேயும் காணவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அது போதும். கழித்துவிட்ட பீப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டி, ஒட்டி, பக்கத்தில் விறகுப் பெட்டியும் மேலே புகைபோக்கியும் வைத்து, இரண்டு மாதத்தில் ஒரு புகையடுப்பே செய்துவிட்டார். அப்பா வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு மேற்பார்வையாளரை ஞாயிறு ஒரு மணிக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

சித்தப்பாவின் ஜெர்மன் இரும்போடு கதைக்க மட்டுமே போதுமானது. அப்பாவுக்கு ஞாயிறும் ஹோட்டலில் வேலை. ஆகவே மொழிபெயர்க்க நான். அன்றைக்குத்தான் என் வகுப்புத் தோழியின் அம்மா எங்களை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய் நீந்தப் பழக்குவதாக இருந்தது. அதைச் சொல்லி அழுது பார்த்தேன். கோழி முடிந்ததும் போகலாம் என்றார்கள். குளம் ஆறு மணிக்குப் பூட்டும்.

சனி பின்னேரமே கோளாறு தொடங்கிவிட்டது. சித்தப்பா வாங்கி வைத்திருந்த கோழியை அம்மா, தொலைக்காட்சியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தோலை உரித்து, மஞ்சள் போட்டுக் கழுவி, ஒரு காலையும் வெட்டிவிட்டார். இரண்டாவது காலில் கத்தி வைக்கும்போது சித்தப்பா குசினிக்குள் வந்தார். அவர் தலையில் கைவைத்ததை இன்றும் மறக்கவில்லை. தோல் இருந்தால்தான் கோழி காயாது, இரண்டு கால் இருந்தால்தான் டின்னோடு சேர்ந்து நேராக நிற்கும் என்று அவர் விளக்க விளக்க, அம்மாவுக்கு விளங்கியது ஒன்றுதான்.

"தோலோட ஆர் தின்னுறது?" என்றார் அம்மா.

கடைகள் எல்லாம் பூட்டியாயிற்று. இனித் திங்கள்தான் திறக்கும்.

ஞாயிறு காலை, வெட்டிய காலைச் சித்தப்பா இரும்புக் கம்பியால் திரும்பக் கட்டினார். அரைவாசி பியரை வெளியே ஊற்றிவிட்டு, மஞ்சள் பூசிய அந்த அம்மணக் கோழியை டின்னில் குந்தவைத்தார். அது ஒரு பக்கம் சரிந்து, பஸ்ஸுக்கு நின்று களைத்தவரைப் போல நின்றது. மூன்று மணித்தியாலம் மூடியைத் திறக்காமல் விடவேண்டுமாம். திறந்து பார்க்காமல், கிண்டாமல் ஒரு இறைச்சியை விட்டுவைக்க எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? ஐந்து நிமிடத்துக்கொருதரம் அம்மா திறந்தார். அம்மா திறந்ததைப் பார்க்கச் சித்தப்பா திறந்தார். புகையும் சூடும் வெளியே போய், அடுத்த தோட்டத்துக்காரரின் தக்காளிகளைத்தான் அவித்திருக்கும்.

மேற்பார்வையாளர் தன் மனைவி சடைபோலப் பின்னிச் சுட்ட வெண்ணெய்ப் பாணோடு ஒரு மணிக்குச் சரியாக வந்தார். கோழி இரண்டு மணிக்கும் வேகவில்லை, மூன்று மணிக்கும் வேகவில்லை. மூடியைத் திறக்காமல் விட்டால் வெந்துவிடும் என்று அவர் தன்மையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சித்தப்பா பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, சும்மா ஒருக்கால் பாப்பம் என்று திரும்பத் திறந்தார். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. நாலு மணியளவில் கம்பி அவிழ்ந்து, கோழி குப்புற விழுந்து, பியர் கொட்டி, கடைசியில் அதை அப்படியே கிடத்தி வேகவைத்தார்கள்.

நாலரைக்குச் சாப்பிட்டோம். வெளியே செருப்பு வார், உள்ளே சக்கை. மேற்பார்வையாளர் ஒரு துண்டை நெடுநேரம் மென்றார். பிறகு பாணைச் சாப்பிட்டார். நான் அவருடைய மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கை கழுவப் போன நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பி, உன் சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஓம் என்றால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சித்தப்பாவின் போன் வெளியே வரும். தங்கச்சியின் முதலாவது பிறந்தநாள், வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம், ஓட்டப்போட்டிப் பரிசு என்று ஒவ்வொரு படமாக வரும். ஒவ்வொன்றுக்கும் நான் ஜெர்மன் சொல்லவேண்டும். ஆறு மணியாகிவிடும்.

இல்லை என்றேன்.

சித்தப்பா ஈரக் கையோடு வந்து, அவர் என்ன கேட்டவர் என்றார். பொய்யும் பாதி உண்மையாக இருந்தால்தான் தப்பலாம் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொல்லிட்டன்."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. போனை எடுக்கக் கை கால்சட்டைப் பைக்குள் போனது. அதற்குள் மேற்பார்வையாளர் எழும்பி, எல்லோருக்கும் கை கொடுத்து விடைபெற்றார். நான் ஓடினேன். குளத்து வாசலில் தோழி தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து வேலை மற்றவருக்குப் போனது. அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா, தோலை உரித்திருக்கக் கூடாது என்று கண்கலங்கினார். சித்தப்பாதான் அம்மாவைத் தேற்றினார்.

"கோழியில ஒண்டுமில்லை அண்ணி. மற்ற ஆளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையளாம், அதைப் பாத்துத்தான் குடுத்ததாம். எனக்கு ஒண்டுதானே. ரெண்டு பெரிசுதானே."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு குளத்துக்குப் போகலாமோ என்று கேட்டேன். போ என்றார்கள். அந்த 'இல்லை' ஒரு பின்னேரத்தைச் சுருக்கும் என்று மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது.

சித்தியும் தங்கச்சியும் வர மேலும் நாலு வருடம் ஆனது. எங்கள் வீட்டில் இன்றும் எது பிழையாகப் போனாலும், அம்மா தோலை உரித்துவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். நான் இதுவரை வாய் திறக்கவில்லை.

தங்கச்சி வந்த கோடையில் அவளை அதே குளத்துக்குக் கூட்டிப்போனேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை, இடுப்பளவு தண்ணீரில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிவர அவளில் பாதி உயரப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சுற்று நீந்திவிட்டு வந்ததும் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் எப்ப பழகினனீங்கள்?"

"பத்து வயசில," என்றேன்.